சீத்தாப்பழப் பாயசக் குண்டான்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலு பத்தி தள்ளி நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்கு அது இன்னும் கேவலம். சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் பலகாரத்தைத் திருடித் தின்பதில் நான் ஒடுகத்தூரிலேயே பேர் போனவன். ஐந்து வயது தொடங்கி இருபத்தாறு வயது வரைக்கும் எங்கள் வீட்டுச் சாமி சாப்பிட்டதெல்லாம் என் எச்சில்தான். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தீபாவளிக்கு மட்டும் யோக்கியனாக இருந்து தொலைத்தேன். சுண்டு விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்திருந்தால் போதும், எங்கள் குடும்பத்தின் கதை வேறு மாதிரி போயிருக்கும். வைக்கவில்லை. திருடாமல் இருந்ததற்காக ஆயுள் முழுக்க வருந்துகிற திருடன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தப் பாயசம் இருந்த பித்தளைக் குண்டான் இன்றும் இருக்கிறது. ஜவ்வாது மலையில் அக்கா வீட்டுக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் வடியும் இடத்தில், வாய் ஓரத்தில் ஓர் ஒடுக்கோடு, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. அது எங்கள் அம்மாவுடையது. ஒவ்வொரு தீபாவளி நோன்புக்கும் அம்மா அதில்தான் சீத்தாப்பழப் பாயசம் வைப்பாள். அம்மா போன பிறகு அக்கா வைத்தாள். பிறகு அக்கா கல்யாணம் செய்துகொண்டு மலைக்குப் போனபோது கட்டின புடவையோடும் அந்தக் குண்டானோடும்தான் போனாள். போனாள் என்று நான் நாகரிகமாகச் சொல்கிறேன். ஒடுகத்தூரில் அப்போது அதற்கு வேறு வார்த்தை சொன்னார்கள்.

நாங்கள் புளி வியாபாரம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மாசி பிறந்தால் நைனா மலையேறிப் போய், மரத்தடியில் கோணியை விரித்து உட்கார்ந்து, மலைக்காரர்கள் உலுக்கிக் கொண்டு வருகிற புளியை வாங்குவார். அக்காவைக் கட்டிய மாமாவும் அப்படிப் புளி கொண்டு வந்தவர்தான். பொதியை இறக்க எங்கள் வீட்டுக்கு வருவார், தலை நிமிராமல் இறக்கிவிட்டுப் போவார். அந்த மனிதரும் எங்கள் அக்காவும் எப்போது ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்கள் என்பது, அதே வீட்டில் மூன்று வேளையும் தின்றுகொண்டு கிடந்த எனக்கே தெரியாது. தெரிந்தபோது அவள் மலையில் இருந்தாள்.

நைனா கத்தவில்லை, தலைமுழுகவில்லை, யாரையும் அடிக்க ஆள் அனுப்பவில்லை. அப்படி எதையாவது செய்திருந்தால்கூட ஒரு நாள் ஓய்ந்திருக்கும். அவர் செய்தது வேறு. அடுத்த மாசியிலும் வழக்கம்போல மலையேறினார். அக்கா வீட்டுக்கு எதிரில் இருக்கும் அதே புளிய மரத்தடியில் அதே கோணியை விரித்தார். மாமாவின் புளியை வாங்கினார். அக்காவிடம் பேசினார், அவள் பெற்ற பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. சோறு வேண்டாம், மோர் வேண்டாம், ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். ஒடுகத்தூர்க் கிணற்றுத் தண்ணீரைக் கூஜாவில் மலை மேல் சுமந்து வந்து, அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அதைத் திறந்து குடிப்பார். ஒன்பது வருஷம் இப்படி. மருமகனின் புளி செல்லும், மகளின் தண்ணீர் செல்லாது. அந்தக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற பொறுப்பான உத்தியோகத்தில் நான் இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை எனக்கு அடிக்கடி வருவதில்லை. வந்ததால் நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளி நோன்பு எங்கள் பக்கத்தில் லேசான காரியம் இல்லை. ஒரு வருஷம் விட்டுப்போனால் மறுபடி எடுப்பது பெரும்பாடு. அதனால் பெண்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றுவார்கள். நோன்புப் பலகாரத்தை வெளி ஆளுக்குத் தரவும் மாட்டார்கள். அதிரசம் எத்தனை மிஞ்சினாலும் குடும்பத்துக்குள்ளேயேதான் தின்று தீர்க்க வேண்டும். அம்மாவின் நோன்பை எடுக்க ஒடுகத்தூர் வீட்டில் பெண் இல்லை. அதை அக்காதான் மலையில் எடுத்துக்கொண்டிருந்தாள். மலைக்காரர்களுக்குப் பொங்கல்தான் பெரிது, தீபாவளி அவ்வளவாகக் கிடையாது. இருந்தாலும் அவளுக்காக மாமா வீட்டார் எல்லோரும் கூடிக் கயிறு கட்டிக்கொள்வார்கள்.

கடையில் நைனா புளியில் கொட்டை பார்த்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"நைனா, இந்தத் தீபாவளிக்கு அக்கா வூட்டுக்குப் போலாமா?"

"நீ போய்ட்டு வா. வாணாம்னு நான் சொன்னனா?"

"நோன்பு அங்கதான எடுக்குது."

"எடுக்கட்டும். அவங்க வூட்டு நோன்பு, அவங்க எடுக்கறாங்க."

"அவங்க வூட்டுது இல்ல நைனா. அம்மா எடுத்த நோன்பு. படைக்கறது கூட அம்மா குண்டான்லதான்."

நைனாவின் கை நின்றது. பிறகு மறுபடி கொட்டை பார்த்தது. நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது புளியைப் பார்த்தபடியே சொன்னார்: "சோறு துன்னு, கொழம்பு ஊத்திக்கன்னு யாரும் என்னக் கூப்புடக் கூடாது. படைச்சதுனா ஒரு வாய் வாங்கிக்கிறேன்."

படைத்ததைச் சாமி கொடுக்கிறது, மகள் கொடுப்பதில்லை. ஆனால் அது நோன்புப் பலகாரம், வெளி ஆளுக்குக் கிடையாது. நைனா தன் வைராக்கியம் உடையாமலே அந்தக் குடும்பத்துக்குள் வந்துவிடலாம். இப்படி ஒரு சந்து இருப்பதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. செய்தியைக் கேட்ட மாமா மூன்று தரம், "நெசமாவா?" என்றார். அடுத்த முறை பார்த்தபோது, அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன். குண்டானை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள் என்றார்.

தீபாவளியன்று விடிவதற்கு முன்பே நைனாவும் நானும் ஒடுகத்தூரிலிருந்து கால்வழியில் ஏறினோம். தூறல். மேலே போகப் போகக் குளிர். நைனாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நான் புது வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, கூஜாவோடு, வழி முழுக்க ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டே போனேன். நைனா சிரிக்கவில்லை. பத்து மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். அவர் பழக்கப்படி புளிய மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மாமாவும் சொந்தக்காரர்களும் அவரைச் சுற்றி மரியாதையாக நின்றார்கள். நான் நேராகச் சமையல் நடக்கும் இடத்துக்குப் போனேன். பழக்கம்.

சீத்தாப்பழப் பாயசம் பொறுமைசாலிகள் வைக்கிற பாயசம். கண் விரிந்த காய்களைப் பறித்துச் சாமை வைக்கோலில் புதைத்து இரண்டு நாள் பழுக்க வைக்க வேண்டும். பழத்தைப் பிட்டு, மூங்கில் சல்லடையில் போட்டு, விதை நசுங்காமல் கையால் தேய்த்துத் தேய்த்துச் சதையை மட்டும் இறக்க வேண்டும். ஒரு பழத்தில் விதைதான் முக்கால்வாசி. முப்பது நாற்பது பழம் தேய்த்தால்தான் ஒரு குண்டானுக்குச் சரியாக இருக்கும். அக்காவின் விரல் நுனிகள் வெந்ததுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. சாமை அரிசியைப் பானையில் பால் விட்டுக் குழைய வேகவைத்து, இறக்கி, குண்டானுக்கு மாற்றி, நன்றாக ஆறவிட்டு, அப்புறம்தான் பழத்தைச் சேர்க்க வேண்டும். கடைசியாகத் தேன். பழம் சேர்த்த பிறகு நெருப்பைக் காட்டவே கூடாது. காட்டினால் சீத்தாப்பழம் கசந்துவிடும். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாது. இருபது வருஷம் அந்தப் பாயசத்தைத் திருடித் தின்றவனுக்கு, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றியதில்லை.

அக்கா பழத்தைச் சேர்த்துக் கிளறி மூடிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு சுனைக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது என்னைப் பார்த்தாள்.

"டேய். படைக்கறதுக்கு முன்ன எவனாவது இத்தத் தொட்டு நாக்குல வெச்சான், நாக்க அறுத்துடுவேன்."

"என்னப் பாத்து ஏன்கா சொல்ற? இத்தினி பேர் கீறாங்க."

"உன்னத்தான் சொல்றேன். நைனா வாயில வெக்கப் போவுது. இன்னிக்கு ஒரு நாளு மனுசனா இரு."

இருந்தேன். அதுதான் வினை. அடுப்படியில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், வாசலில் நைனா இருமுகிற சத்தம் கேட்டது. மூடியைத் திறந்து குண்டானைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. குளிரில் வந்த கிழவனுக்கு, ஒன்பது வருஷம் கழித்து முதல் வாய் வைக்கப் போகிறவருக்கு, இப்படியா ஜில்லென்று கொடுப்பது? அடுப்பில் தணல் இருந்தது. இரண்டு சுள்ளியைச் செருகி, குண்டானைத் தூக்கி ஏற்றினேன். கரண்டியால் கிண்டினேன். ஆவி வந்தது. பாயசத்தின் நிறம் கொஞ்சம் சிவந்தது. பதம் கூடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அடியில் லேசாகப் பிடிக்கிற மாதிரி இருந்தது, சட்டென்று இறக்கி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வெளிப்பக்கம் ஏறியிருந்த கரியைத் துடைக்கத் துணி கிடைக்கவில்லை. புது வேட்டியின் ஓரத்தால் துடைத்து, கரி தெரியாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். கரண்டியில் ஒட்டியிருந்தது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். நக்கவில்லை. மனுசனாக இருந்தேன்.

அக்கா திரும்பி வந்து, அவசர அவசரமாகத் தேனை ஊற்றிக் கலக்கி, குண்டானை முந்தானையால் பிடித்துப் படையலுக்கு எடுத்துப் போனாள். ஜன்னல் இல்லாத வீடு, உள்ளே புகை, தேனின் நிறம் வேறு. எதுவும் தெரியவில்லை. நோன்புப் பூசை முடிய ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் பாயசம் மறுபடி ஆறிப் பழையபடி சில்லென்று ஆகிவிட்டது. அந்த வகையிலும் என் சேவை வீண்.

கற்பூரம் காட்டினார்கள். எல்லோர் கையிலும் நோன்புக் கயிறு கட்டினார்கள். நைனா மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். வாசற்படியைத் தாண்டும்போது குனிந்தார். அக்கா வீட்டு வாசல் அவ்வளவு தாழ்வு என்பதை ஒன்பது வருஷத்தில் அன்றுதான் பார்த்தார். உட்கார்ந்தார். அக்கா இலைத் தொன்னையில் பாயசத்தை ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள். நைனா தொன்னையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் வைத்தார்.

அடுத்த தொன்னை எனக்கு வந்தது. ஒரு வாய் எடுத்தேன். முதலில் தேன் இனித்தது. அப்புறம் பின்நாக்கிலிருந்து ஒரு கசப்பு எழும்பியது பாருங்கள், அது தொண்டைக்குள் இறங்கி அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. நிமிர்ந்து நைனாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. படைத்ததைத் துப்பக் கூடாது, மிச்சம் வைக்கக் கூடாது. மெதுவாக, ஒரு சொட்டு விடாமல், தொன்னையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அக்காவின் முகம் இருந்ததே, அப்படி ஒரு முகத்தை அவளிடம் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "இன்னுங் கொஞ்சம் ஊத்தவா நைனா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். எழுந்து குண்டானைத் தட்டிவிடலாமா என்று பார்த்தேன். வாயைத் திறந்து, நான்தான் சூடு பண்ணினேன் என்று சொன்னால் முடிந்தது. ஊரே ஓயச் சொன்னாலும் ஓயாத இந்த வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. நைனா தொன்னையை நீட்டினார். அக்கா நிரம்ப ஊற்றினாள். அதையும் சாப்பிட்டார்.

அவர் வெளியே போய்த் தன் கூஜாத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொன்னை எப்போதோ காலி. "தேனு கசக்குது," என்றார். "வேம்பு பூத்தப்ப எடுத்த தேனு. நான்தான் பாக்காம குடுத்துட்டேன்." தேனில் குறை இல்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும், தேனெடுப்பதில் அந்த மலையில் அவருக்குச் சமம் கிடையாது. நானும் ஆமாம் ஆமாம், வேப்பந்தேன்தான் என்றேன். பழியைத் தேனீக்கள் தலையில் கட்டிவிட்டு நிற்கிற ஆண்மகனை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"டேய், பொழுது ஆவுது, கெளம்பு," என்று நைனா கூப்பிட்டார். அக்கா வாசலுக்கு வந்து, "நைனா," என்றாள். நைனா கூஜாவை என் கையில் கொடுத்துவிட்டு, "வர்றேன்மா," என்றார். ஒன்பது வருஷமாக மாசி முடிந்து இறங்கும்போதெல்லாம் ஒன்றும் சொல்லாமல்தான் எழுந்து போவார். அன்றைக்கு வர்றேன் என்றார். ஆனால் அக்கா இருந்த நிலையில் அது அவள் காதில் ஏறியதா என்று தெரியவில்லை.

முதல் திருப்பம் தாண்டியதும் நைனா கூஜாவை வாங்கி, நின்ற நிலையில் மொத்தத் தண்ணீரையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தூக்கிக் கட்டியிருந்த வேட்டி இறங்கிப் போயிருந்தது.

"வேட்டில இன்னாடா கரி?"

கடவுள் இதற்கு மேல் எனக்கு எப்படி வழிவிடுவார்? "வழுக்கி அடுப்பாண்ட வுழுந்துட்டேன் நைனா," என்றேன். கூடவே அதை நடித்தும் காட்டினேன். அவர் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார்.

கொஞ்ச தூரம் இறங்கிய பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னார்: "ஒங்கம்மா பால ஆற வெச்சிதான் பழத்தப் போடுவா. பாவம், இதுக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஆத்தா இல்லாத பொண்ணு. அடுத்த வருசம் வர்றப்ப நானே பக்கத்துல ஒக்காந்து சொல்றேன்."

எனக்குக் கால் தடுமாறியது, இந்தத் தடவை நடிக்காமல். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி வரப்போகிறார். அக்காவின் அடுப்பங்கரையில் உட்காரப்போகிறார். ஆனால் அந்த இரக்கம் முழுவதும், தெரியாமல் செய்துவிட்டாள் என்பதன் மேல் நிற்கிறது. அவளுக்குத் தெரியும், அம்மாவைப் போலவே தெரியும், கெடுத்தவன் நான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வர்றேன் என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று பயந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். திட்டு விழுமே என்று பயந்தேன். இருபத்தாறு வயது.

அடுத்த வாரம் மலைக்குப் போய், நைனா அடுத்த வருஷம் வருகிறாராம் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். "வேற இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மாசியில் நைனாவுக்கு நெஞ்சுச் சளி. மலைக்கு நான் மட்டும் போனேன். ஆனியில் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அக்கா இறங்கி வந்து பதினைந்து நாள் கூட இருந்தாள். கஞ்சியைக் கரண்டியால் அவள் ஊட்டினாள். அவர் வாய் திறந்து வாங்கிக்கொண்டார். வைராக்கியம் விட்டுப்போனதா, வேறு வழியில்லாததா, யார் கண்டது? ஒரு மத்தியானம் அவள் துணி அலசப் போன நேரத்தில் நான் அவர் காதருகே குனிந்தேன். இப்போதாவது சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "இன்னா நைனா, நல்லா ரெஸ்ட் எடுக்கறியா?" என்று ஒரு வேடிக்கை வந்து விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆடியில் போய்விட்டார். மலையில் சீத்தா மரங்களில் அப்போதுதான் பிஞ்சு பிடித்திருந்தது.

அதற்குப் பிறகும் அக்கா நோன்பை விடவில்லை. ஆனால் பாயசம் மட்டும் மாறிவிட்டது. ஒரு வருஷம் மலைவாழைப் பழத்தில் செய்வாள், ஒரு வருஷம் வெறும் சாமையும் வெல்லமும். ஏன்மா சீத்தாப்பழத்தில் செய்வதில்லை என்று அவள் மகள் கேட்டால், எவ விதை எடுக்கறது என்பாள். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் போய், அந்த வாழைப்பழப் பாயசத்தைத் தின்று, நாலு வேடிக்கை பேசி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு இறங்கி வருவேன். இப்போது படையலுக்கு முன்னால் எடுத்துத் தின்ன என்னை யாரும் தடுப்பதில்லை. எழுபதைத் தாண்டியவனை யார் என்ன சொல்ல? நான்தான் தொடுவதில்லை.

போன தீபாவளிக்குப் பஸ்ஸில் போனேன். மாமா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. தூறிக்கொண்டிருந்தது. கூரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்தக் குண்டானில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பேரன் பறித்து வந்த சீத்தாப்பழம் ஒன்றைப் பிட்டு, ஒவ்வொரு சுளையாக வாயில் போட்டு விதையைத் துப்பிக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் பழத்தை வாயில் வைப்பதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியவில்லை. என்னவோ, அன்றைக்குச் சொல்லிவிட்டேன். தணலில் சுள்ளி செருகியது, நிறம் சிவந்தது, வேட்டியில் கரி துடைத்தது, நைனா திருப்பத்தில் நின்று தண்ணீர் குடித்தது, ஆத்தா இல்லாத பொண்ணு என்றது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றது, எல்லாவற்றையும். சிரிக்கிற மாதிரி சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் வேடிக்கை ஒன்றும் வரவில்லை. முடித்துவிட்டு, குண்டானில் விழுகிற சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வாயிலிருந்த விதையைத் துப்பினாள்.

"தெரியும். அடி புடிச்ச குண்டானத் தேய்ச்சவ நான்தான."